கரிசல் பள்ளிகளும் ஆசிரியர்களின் பொது நெறியும்

தூத்துக்குடி மாவட்டம் விளாத்திகுளம் வட்டத்திலுள்ள நாகலாபுரத்திலும் அதைச் சூழ்ந்த கரிசல் கிராமங்களிலும் ஆசிரியப் பணி செய்வோர், கல்விச் சமநீதி என்ற கேள்வியை நாள்தோறும் வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போதே சந்திக்கின்றனர். எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே அளவு கொடுப்பது சமத்துவம் என்றால், எல்லாக் குழந்தைகளும் ஒரே இடத்துக்கு வந்துசேரும்படி, எந்தக் குழந்தைக்கு எது குறைகிறதோ அதைக் கூடுதலாகக் கொடுப்பது சமநீதி எனப்படும். இந்த விளக்கத்தை ஏற்பதில் எந்த ஆசிரியருக்கும் தடையில்லை. ஆனால் யாருக்குக் கூடுதலாகக் கொடுப்பது, யாருடைய நேரத்திலிருந்து எடுத்துக் கொடுப்பது, எதைக் குறை என்று கருதுவது என்பவற்றை ஒரு பள்ளியின் ஆசிரியர்கள் தமக்குள் பேசி முடிவு செய்திராவிட்டால், நான்காம் வகுப்பில் ஒருவர் கட்டியதை ஐந்தாம் வகுப்பில் மற்றொருவர் தம்மையறியாமலே கலைத்துவிடுகிறார். தனி ஆசிரியரின் நல்லெண்ணம் ஒரு வகுப்பறையோடும் ஓர் ஆண்டோடும் நின்றுவிடுகிறது. பலரும் உடன்பட்டு ஏற்ற நெறிதான் குழந்தையோடு வகுப்பு வகுப்பாக உடன் செல்கிறது. இக்கட்டுரையில் பொது நெறி என்று சொல்லப்படுவது அந்த உடன்பாடே.

அந்த உடன்பாடு எதன்மீது எழுகிறது என்பதை அறிய, நிலத்தின் போக்கை முதலில் அறிய வேண்டும். ஆண்டுக்கு 600 முதல் 700 மில்லிமீட்டர் வரை பெய்யும் மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையை ஒட்டியே பெய்து முடிந்துவிடுகிறது. அந்த ஈரத்தை நம்பி உளுந்து, பாசி, கம்பு, சோளம், மக்காச்சோளம், மல்லி, பருத்தி, மிளகாய் ஆகியவை மானாவாரியாக விதைக்கப்படுகின்றன. பயறு வகைகள் தை மாதத்தில் களத்துக்கு வந்துவிட, மிளகாய்ப் பழம் எடுப்பதும் பருத்தி எடுப்பதும் மாசி, பங்குனி என்று நீண்டு செல்கின்றன. காட்டில் வேலை இல்லாத மாதங்களில் வேலிக்கருவையை வெட்டிக் கரிமூட்டம் போடுவதற்காகக் குடும்பத்தோடு வெளியே போய்த் தங்குகிறவர்கள் உண்டு. வேம்பார்ப் பக்கம் பதநீர்க் காலத்தில் பனங்காட்டுக்குள் குடிசை போட்டுக் கிடப்பவர்கள் உண்டு. ஆட்டுக் கிடையோடு ஊர் ஊராகப் போகிறவர்களும் உண்டு. பள்ளியின் ஆண்டுத் தேர்வும் மிளகாய்ப் பழம் எடுக்கும் வேலையும் ஒட்டி ஒட்டி வருவதால், பாடங்களைத் திருப்பிப் பார்க்கும் வாரங்களில்தான் வருகை மெலிகிறது. பெரியவர்கள் விடியுமுன் காட்டுக்குப் போய்விட, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிற்பது பெரும்பாலும் மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ படிக்கும் பெண்பிள்ளை.

இந்த இடத்தில் ஆசிரியர்களின் முதல் உடன்பாடு தேவைப்படுகிறது. வராத பிள்ளையைக் குறித்து "அந்த வீட்டில் படிப்பில் அக்கறை கிடையாது" என்று ஓர் ஆசிரியர் நினைத்துவிட்டால், அதன்பின் அவர் செய்வதெல்லாம் அந்த நினைப்பின் வழியிலேயே போகும். பிள்ளை திரும்பி வரும் நாளில் விசாரணைதான் காத்திருக்கும், பாடம் காத்திருக்காது. வருகைக் குறைவை வீட்டின் நிலைமையாகவே முதலில் எடுத்துக்கொள்வது, காரணம் தெரியும்வரை பிள்ளையைக் குறை சொல்லாதிருப்பது என்று எல்லாரும் ஏற்றுக்கொண்ட பள்ளியில் நடைமுறை வேறாகிறது. இரண்டு நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு மூன்றாம் நாள் யாரேனும் ஓர் ஆசிரியர் போகிறார், காட்டுவேலைக்குப் போனவர்கள் திரும்பும் பொழுதுக்காகச் சாயங்காலம் வரை காத்திருந்து போகிறார், தெருவில் நின்று உரக்கக் கேட்காமல் வாசலில் உட்கார்ந்து, "என்னம்மா, பிள்ளைக்கு மேலுக்கு முடியலையா?" என்றுதான் பேச்சை எடுக்கிறார். "இல்ல டீச்சர், பழம் எடுக்க ஆள் கிடைக்கல, ரெண்டு நாள் இவ தொட்டிலை ஆட்டிக்கிட்டு இருக்கட்டும்னு விட்டேன்" என்ற பதில் வரும்போது, பேசித் தீர்க்கக்கூடிய ஒன்று கையில் கிடைத்துவிடுகிறது. அங்கன்வாடியில் சின்னக் குழந்தையை விடுவதற்கு வழியுண்டா, பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் விட முடியுமா என்பது வரை அந்தப் பேச்சு போகும். ஒரு பள்ளியில் ஒரே ஓர் ஆசிரியர் மட்டும் இப்படிப் போய்க்கொண்டிருந்தால் அவரை ஊர் புகழும். எல்லாரும் போனால் அது பள்ளியின் வழக்கமாகிவிடும். புகழைவிட வழக்கமே பிள்ளைகளுக்கு உதவுகிறது.

கரிசல் பகுதியின் கல்வி வரலாற்றில் தீப்பெட்டித் தொழில் விட்டுச்சென்ற சுவடு ஆழமானது. 1920களில் சிவகாசியில் தொடங்கி, சாத்தூர், கோவில்பட்டி எனப் பரவிய இந்தத் தொழிலின் கூடங்களை மக்கள் தீப்பெட்டி ஆபீஸ் என்றே சொல்வர். வானம் பார்த்த பூமியில் மழை பொய்த்த ஆண்டுகளில் குடும்பங்களைக் காப்பாற்றியது அந்தத் தொழில்தான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதற்கான விலையில் ஒரு பங்கைக் குழந்தைகள் கொடுத்தார்கள் என்பதையும் மறைக்க முடியாது. பள்ளம் வரிசையாக வெட்டப்பட்ட மரச்சட்டத்தில் ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு குச்சியாக வைத்து நிரப்பும் கட்டை அடுக்குதல் என்ற வேலைக்குச் சிறு விரல்கள் வேகமாக ஓடும் என்பதாலும், கூலி எண்ணிக்கைக் கணக்கில் கொடுக்கப்பட்டதாலும், பிள்ளைகள் அதில் பெருமளவில் இறக்கப்பட்டனர். 1970களிலும் 1980களிலும் பொழுது விடிவதற்கு வெகுநேரம் முன்பே ஆபீஸ் பஸ்கள் கிராமங்களுக்கு வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயின. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டமும், சிவகாசித் தீப்பெட்டித் தொழிற்சாலைகள் தொடர்பான வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் நிலைமையை மாற்றத் தொடங்கின. சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு கூறியது. கோவில்பட்டிப் பக்கத்து எழுத்தாளர் பூமணி இயக்கிய 'கருவேலம் பூக்கள்' திரைப்படம் இந்த வாழ்க்கையைத்தான் காட்டியது.

அந்தக் காலத்து ஆசிரியர்களின் பங்கு இன்னும் முறையாக எழுதப்படவில்லை என்பது பெருங்குறை. பஸ் ஏறிப் போய்விட்ட பிள்ளையின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கிவிட்டால் பள்ளியின் வருகை விகிதம் அழகாகத் தெரியும். நீக்காமல் வைத்திருந்தால் மேலதிகாரியின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். நீக்காமல் வைத்திருந்து, பிள்ளை திரும்பி வரும் நாளில் இடம் வைத்திருந்தவர்கள் கரிசல் பகுதியெங்கும் இருந்தனர். 1990களின் தொடக்கத்தில் தென் மாவட்டங்களில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, பகலில் பள்ளியிலும் இரவில் தெருவிளக்கடியிலும் பாடம் சொன்ன ஆசிரியர்கள், வேலைக்குப் போகும் பிள்ளையின் தாயும் எழுத்தறியாதவள் என்பதை அந்த இரவு வகுப்புகளில்தான் நேருக்கு நேர் கண்டனர். வயது கடந்து திரும்பி வரும் பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பிலேயே சேர்த்து, விட்டுப்போனதைத் தனிப் பயிற்சியால் ஈடுசெய்ய வேண்டும் என்று 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையை ஏழு வயதுப் பிள்ளைகளோடு உட்கார வைத்தால் அது இரண்டாம் முறையும் ஓடிப்போகும் என்பதை அறிந்த ஆசிரியர்களுக்கு அந்தப் பிரிவு புதிதாகத் தோன்றியிராது.

இன்று ஆபீஸ்களில் குழந்தைகள் இல்லை என்று பெருமளவுக்குச் சொல்லலாம், இயந்திரங்களும் வந்துவிட்டன. வீட்டில் தாய் வேலை செய்யும்போது மாலையில் பக்கத்தில் உட்கார்ந்து கைகொடுப்பது முற்றிலும் மறைந்துவிடவில்லை. இதனால் வகுப்பறைக்கு வந்து சேரும் ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். தீப்பெட்டிக் கணக்கு குரோஸ் என்ற அலகில் நடக்கிறது. ஒரு குரோஸ் என்பது 144 பெட்டி. ஐந்து குரோசுக்கு எத்தனை பெட்டி என்று கேட்டால், தொழில் நடக்கும் வீட்டில் வளரும் நான்காம் வகுப்புப் பிள்ளை, "அஞ்சு நூறு ஐந்நூறு, அஞ்சு நாப்பது இருநூறு, அஞ்சு நாலு இருபது, மொத்தம் எழுநூத்தி இருபது" என்று வாயாலேயே சொல்லிவிடும். அதே பிள்ளையிடம் 144ஐ 5ஆல் பெருக்குக என்று கரும்பலகையில் எழுதிக் கொடுத்தால், ஒன்றின் இடத்தில் இருபது, பத்தின் இடத்தில் இருபது, நூறின் இடத்தில் ஐந்து என்று வரிசையாக எழுதி 52020 என்ற விடையோடு வந்து நிற்கும். சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுப்பது ஒரு வழி. வாயால் சொன்ன மூன்று தொகைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பிள்ளையையே எழுதச் செய்து கூட்ட வைத்து, எழுத்து முறையில் எழுதிய இருபதுகளில் எது வெறும் இருபது, எது இருநூறு என்று தேடிப் பார்க்கச் சொல்வது மற்றொரு வழி. இரண்டாம் வழியில் இடமதிப்பு விளங்குகிறது என்பதோடு, தன் வீட்டு அறிவும் கணக்குத்தான் என்பது பிள்ளைக்கு உறுதியாகிறது. பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரத்தில் தெருவில் விற்பனை செய்த சிறுவர்களைக் கொண்டு 1985இல் வெளியான ஓர் ஆய்வு, அவர்கள் வியாபாரத்தின்போது போட்ட கணக்குகளில் 98 சதவீதத்தைச் சரியாகச் செய்ததையும், அதே கணக்குகளைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 சதவீதம் அளவுக்கே சரியாகச் செய்ததையும் பதிவு செய்தது. பிள்ளைக்குத் தெரியாது என்ற முடிவுக்கு வருமுன் அது எங்கே தெரிந்து வைத்திருக்கிறது என்று தேடுவது, கரிசல் ஆசிரியர்கள் பொதுவாக்கிக்கொள்ள வேண்டிய நெறிகளில் மிக முக்கியமானது; இதற்குப் பணமோ ஆணையோ தேவையில்லை.

மொழியிலும் இதே நிலைதான். இப்பகுதியில் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் கணிசமாக உள்ளன. தமிழ் பேசும் வீடுகளிலும் பேச்சு கரிசல் வழக்கில்தான் நடக்கிறது. முதல் வகுப்புக்கு வந்த பிள்ளை "அங்கிட்டு", "இங்கிட்டு" என்று பேசும்போதெல்லாம் திருத்திக்கொண்டே இருந்தால், சில வாரங்களில் அது பேசுவதையே நிறுத்திவிடுகிறது. இடைசெவலில் பிறந்து, பள்ளிப் படிப்பை அதிகம் பெறாத கி. ராஜநாராயணன் இந்த வழக்குச் சொற்களுக்கென்றே ஓர் அகராதி தொகுத்தார், பின்னர் புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் அமர்ந்தார் என்பதை ஆசிரியர்கள் அறிவர். பேச்சில் வீட்டு வழக்கை ஏற்று, எழுத்தில் பொதுத் தமிழைப் படிப்படியாகக் கொண்டுவருவது என்று முதல் மூன்று வகுப்புகளின் ஆசிரியர்களும் ஒத்துக்கொண்டால் போதும்.

எல்லாவற்றிலும் கடினமானது சாதி பற்றிய நெறி. ஊர் ஒரு பக்கமும் காலனி ஒரு பக்கமுமாகப் பிரிந்து கிடக்கும் கிராமங்களில், பள்ளிக்கூடம் நடுவில் இருந்தாலும் பிள்ளைகள் வரும் பாதை இரண்டு. உள்ளே வந்ததும் பழகிய முகங்களோடு சேர்ந்து உட்கார்ந்துவிட, ஆசிரியர் எதுவும் செய்யாமல் இருந்தாலே பெஞ்சுகள் தெருவாரியாகப் பிரிந்துவிடும். தென் மாவட்டங்களில் மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டும் வழக்கத்தைத் தடுக்கக் கல்வித்துறை 2019இலேயே சுற்றறிக்கை அனுப்பியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் உடன் படித்தவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டதைத் தொடர்ந்து, அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அளிக்கப்பட்ட அதன் அறிக்கை, மாணவர்களை அகர வரிசையில் அமர்த்துதல், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இல்லாதிருத்தல், வண்ணக் கயிறுகளைத் தடை செய்தல், ஆசிரியர்கள் மாணவரின் சாதியை நேராகவோ மறைமுகமாகவோ குறித்துப் பேசாதிருத்தல் எனப் பலவற்றைப் பரிந்துரைத்தது.

இந்தப் பரிந்துரைகளில் அகர வரிசை மிக எளிதாகத் தோன்றுவது. நடைமுறையில் ஆசிரியர்களின் ஒற்றுமையை அதிகம் சோதிப்பதும் அதுவே. வகுப்பாசிரியர் காலையில் அகர வரிசையில் உட்கார வைத்த பிள்ளைகளை, மதியம் வேறு பாட ஆசிரியர் "எங்கே வேண்டுமானாலும் உட்காருங்கள்" என்று விட்டுவிட்டால், காலையில் செய்தது தண்டனையாகவும் மதியம் நடந்தது விடுதலையாகவும் பிள்ளைகளுக்குத் தோன்றிவிடும். ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து, "எங்க பிள்ளையைக் கொஞ்சம் மாத்தி உக்கார வைங்க சார்" என்று தணிந்த குரலில் கேட்கும்போது, அவருக்கு எல்லா ஆசிரியர்களிடமிருந்தும் ஒரே பதில் கிடைக்க வேண்டும். ஒருவர் இணங்கிவிட்டால் மற்றவர்கள் ஊருக்குப் பொல்லாதவர்களாகிவிடுகின்றனர். தண்ணீர் மொள்ளும் முறை, வகுப்பைக் கூட்டும் முறை, கழிப்பறையைக் கழுவுவது யார் என்ற கேள்வி, கோயில் கொடைக்கு விடுமுறை கேட்கும் தெருக்களில் எதற்கு மதிப்புக் கொடுக்கப்படுகிறது என்பது வரை எல்லாமே பிள்ளைகள் உற்றுநோக்கிக் கணக்கு வைத்துக்கொள்பவை. கழிப்பறையைக் கழுவும் வேலை எந்தப் பிள்ளைக்கும் எக்காலத்திலும் கொடுக்கப்படக் கூடாது என்பதில் ஒரு பள்ளிக்கு விட்டுக்கொடுப்பு இருக்கவே கூடாது. ஆசிரியரும் ஒரு சாதியில் பிறந்தவரே என்பதால், இந்த நெறியைத் தனியாக மனத்துக்குள் வைத்திருப்பது போதாது. சக ஆசிரியர் முன்னிலையில் வாய்விட்டுச் சொல்லி ஏற்றுக்கொண்டால்தான், தவறும்போது ஒருவரை ஒருவர் தடுக்கும் உரிமை பிறக்கும்.

உணவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, தமிழ்நாடு இதில் நெடுந்தூரம் வந்துவிட்டது. காமராசர் ஆட்சியில், கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு துணைநிற்க, பள்ளிப் பகலுணவுத் திட்டம் 1956இல் இதே கரிசல் சீமையின் எட்டயபுரத்தில் தொடங்கிவைக்கப்பட்டது, 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவு, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஆசிரியர்களும் பிள்ளைகளின் பந்தியில் உட்கார்ந்து அதே சோற்றைச் சாப்பிட்டால், யார் சமைத்தது என்ற பேச்சு ஊரில் எழும்போது அதற்குப் பதில் தானாகவே கிடைத்துவிடும்.

பின்தங்கும் பிள்ளைக்கு எவ்வளவு நேரம் என்ற கேள்வியில் நல்ல ஆசிரியர்களும் வேறுபடுகின்றனர். அந்த வேறுபாடு மதிக்கத்தக்கது. இத்தாலியின் பார்பியானா என்ற மலைக் கிராமத்தில் பாதிரியார் லொரென்சோ மிலானி நடத்திய பள்ளியில், பாடம் புரியாத கடைசிப் பிள்ளைக்கும் புரியும்வரை மற்றவர்கள் அடுத்த பாடத்துக்குப் போவதில்லை என்பது வழக்கமாக இருந்தது. அந்த மாணவர்கள் கூடி எழுதிய நூல் 1967இல் வெளிவந்து, பிற்காலத்தில் தமிழிலும் பெயர்க்கப்பட்டுப் பல ஆசிரியர்களை அசைத்தது. ஆனால் இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைக் கவனிக்கும் கரிசல் கிராமப் பள்ளியில், கடைசிப் பிள்ளைக்காகக் காத்திருக்கும்போது முன்னே நிற்கும் பிள்ளையும் ஏழை வீட்டுப் பிள்ளைதான். திறனறித் தேர்வு எழுதி மேலே போகக்கூடிய வாய்ப்பு அதற்கும் உண்டு. 2007 வாக்கில் மாநிலமெங்கும் விரிவாக்கப்பட்ட செயல்வழிக் கற்றலும், 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும், பிள்ளைகள் வெவ்வேறு நிலைகளில் நிற்பதை இயல்பாக ஏற்று அதற்கேற்பப் பாடத்தைப் பிரித்துக் கொடுக்க முயன்றவை. திட்டம் எதுவாயினும், 'மெல்லக் கற்பவர்' என்று ஒருமுறை பெயரிடப்பட்ட பிள்ளை அந்தப் பெயரிலிருந்து வெளியே வந்ததா என்று பருவத்துக்கு ஒருமுறையாவது ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிறார்களா என்பதே உரைகல்.

ஆசிரியர்கள் தமக்குள் பேசத் தயங்கும் செய்தி ஒன்றும் உண்டு. நாகலாபுரம், புதூர், விளாத்திகுளம் என்று எந்தத் திசையிலும் காலையில் ஆங்கிலவழிப் பள்ளி வேன்கள் கிராமத்துக்குள் வந்து பிள்ளைகளை ஏற்றிச் செல்கின்றன. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பலருடைய பிள்ளைகளும் அத்தகைய பள்ளிகளில் படிக்கின்றனர். ஒவ்வொரு பகுதியின் குழந்தைகளும், எந்த வீட்டுப் பிள்ளையாயினும், பக்கத்துப் பொதுப் பள்ளியிலேயே சேர்ந்து படிக்கும் அருகமைப் பள்ளி முறையைக் கோத்தாரி கல்விக் குழு 1966இல் பரிந்துரைத்தது. அது இன்றுவரை நிறைவேறவில்லை. தம் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்பது ஆசிரியரின் குடும்ப உரிமை. என்றாலும், தாம் பாடம் சொல்லும் வகுப்பறை தம் பிள்ளைக்கும் ஏற்றது என்று சொல்லும் அளவுக்கு அதை உயர்த்துவது என்பதைப் பொது நெறியாக ஏற்காத வரை, மற்ற நெறிகளுக்கு ஊரில் முழு மதிப்புக் கிடைக்காது.

இவ்வளவும் கூடி வந்தாலும் ஒரு மாறுதல் கலந்தாய்வு அதைக் குலைத்துவிடக்கூடும். கரிசல் கிராமங்களுக்கு முதல் பணியாக வந்து, பஸ் வசதியுள்ள ஊருக்கு மாறிச் செல்லும் ஆசிரியர்களின் வரிசை நீளமானது. அவர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை. அவர்கள் போகும்போது எந்தப் பிள்ளை எந்த மாதத்தில் கரிமூட்டத்துக்குப் போகும், எந்தப் பிள்ளைக்குக் கழித்தலில் எந்தப் படி தடுக்கிறது, எந்தத் தாயிடம் எப்படிப் பேச வேண்டும் என்ற அறிவும் அவர்களோடு போய்விடுவதுதான் இழப்பு. இதைத் தடுக்க, பிள்ளைக்கு ஒரு பக்கம் என்று நோட்டு வைத்து எழுதும் பழக்கம் பயனுள்ளது. சாதியையும் மந்தம் போன்ற முத்திரைகளையும் விலக்கி, பிள்ளை எதில் தேர்ந்தது, எங்கே நிற்கிறது, வீட்டில் யார் பொறுப்பு என்பவற்றை மட்டும் அதில் குறிக்க வேண்டும். தலைமையாசிரியர் பொறுப்பு மாறும்போது மேசை, நாற்காலி, பீரோ, பதிவேடு எல்லாம் எண்ணப்பட்டு இருவரும் கையொப்பமிடுகின்றனர். பிள்ளைகளைப் பற்றிய நோட்டும் அந்த ஒப்படைப்புப் பட்டியலில் ஓர் இனமாகச் சேர்க்கப்பட்டு, பழைய ஆசிரியரும் புதிய ஆசிரியரும் அதைப் பக்கம் பக்கமாகப் பேசிக் கைமாற்ற அரைநாள் பணிநாளாக ஒதுக்கப்பட வேண்டும். அதற்கான ஆணையை வட்டாரக் கல்வி அலுவலர் அளவிலேயே பிறப்பிக்கத் தொடங்கலாம்.